தீம் பார்க் லாக்கரும் தொலைந்த பொருள் கவுன்டரும்: எதை நம்பலாம், எங்கே கோட்டை விடுகிறோம்

தீம் பார்க்கைப் பற்றி எழுதுகிறவர்கள் ரைடைப் பற்றி எழுதுவார்கள், வரிசையைப் பற்றி எழுதுவார்கள். லாக்கரைப் பற்றியும் தொலைந்த பொருள் கவுன்டரைப் பற்றியும் எழுதுவது பொருளைப் பறிகொடுத்தவர்கள் மட்டும்தான், அதுவும் கொதிப்பு அடங்குவதற்கு முன். "படு மோசம், யாரும் போகாதீர்கள்" என்பதைத் தாண்டி அதில் ஒன்றும் இருக்காது. என்ன வகைப் பூட்டு, சாவி தொலைந்தது என்றால் என்ன கேட்டுவிட்டுத் திறக்கிறார்கள், புகார் கொடுத்ததற்குக் கையில் என்ன தருகிறார்கள் என்பதெல்லாம்தான் அடுத்து போகிறவருக்கு வேண்டிய செய்தி.

இந்த மதிப்பீட்டுக்கு அளவுகோல் ஒன்றே ஒன்று. பொருள் உங்கள் கையை விட்டுப் போனதிலிருந்து திரும்பி வரும்வரை அதை யார் தொட்டார், எப்போது தொட்டார் என்று எங்காவது பதிவாகிறதா? பதிவு இருந்தால் பொருள் கிடைக்காமல் போனாலும் இழப்பீடு கேட்க ஒரு பிடி இருக்கும். பதிவு இல்லாத இடத்தில் பளபளப்பான ஸ்டீல் லாக்கரும் வெறும் தகரப் பெட்டிதான்.

லாக்கர் வகைகள்

சாவி லாக்கரில் இருந்து தொடங்கலாம். பழைய பூங்காக்களில் இன்னும் இதுதான். பூட்டு பெரும்பாலும் சாதாரண கேம் பூட்டு, அதாவது சாவியைத் திருப்பினால் உள்ளே ஒரு தகட்டு நாக்கு சுழன்று கதவைப் பிடிக்கும் வகை; சாவி ஒரு ரப்பர் பட்டையில் கோத்து மணிக்கட்டுக்கு வரும். அந்தச் சாவியிலேயே லாக்கர் எண்ணையும் பொறித்திருப்பார்கள் என்பது முதல் கோளாறு. நீர்ச்சறுக்கில் பட்டை கழன்று போனால், எடுத்தவருக்கு எந்தக் கதவு என்று தேடும் வேலைகூட இல்லை. இரண்டாவது கோளாறு கண்ணுக்குத் தெரியாது. சாவி தொலைந்ததும் பூட்டின் உள்பகுதியை மாற்றுகிறார்களா, அல்லது மாற்றுச் சாவி செய்து அதே பூட்டை மறுநாள் வேறொருவருக்கு விடுகிறார்களா? கவுன்டரில் இதைக் கேளுங்கள். "மாஸ்டர் சாவி இருக்கு, திறந்து கொடுத்துடுவோம்" என்பதுதான் பதில் என்றால், அந்தப் பூட்டுக்கு வெளியே எத்தனை சாவிகள் உலவுகின்றன என்று அவர்களுக்கே கணக்கில்லை என்று பொருள். இந்த வகையில் யார் எப்போது திறந்தார் என்ற பதிவும் கிடையாது. திருட்டு நடந்தால், பூட்டு உடைபடவில்லை, ஆகவே நீங்கள்தான் சரியாகப் பூட்டவில்லை என்பதுதான் வழக்கமாக வரும் பதில்.

பின் நம்பர் லாக்கர் ஒரு படி மேல். நடுவில் ஒரு தொடுதிரை, சுற்றிலும் கதவுகள். எண்ணைப் போட்டால் கதவு தானாகத் திறக்கும். கதவு திறந்த ஒவ்வொரு முறையும் நேரத்தோடு பதிவாகும் வகையில்தான் பெரும்பாலும் இவற்றைச் செய்கிறார்கள். அந்தப் பதிவுதான் பின்னால் உங்களுக்கு உதவப்போகிறது. இதில் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. திரையில் "திற" என்றும் "வாடகையை முடி" என்றும் இரண்டு பொத்தான்கள் இருக்கும். தண்ணீர் பாட்டிலை மட்டும் எடுக்க வந்தவர் அவசரத்தில் இரண்டாவதை அழுத்திவிட்டு, பாட்டிலை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுப் போவார். இயந்திரத்தின் கணக்கில் அந்தப் பெட்டி இப்போது காலி. அடுத்து வருபவருக்கு அதையே ஒதுக்கும். உள்ளே உங்கள் கைப்பை இருக்கும். இதில் திருட்டைவிட மறதியும் அவசரமும்தான் அதிகம் விளையாடும் என்பது நம் கணிப்பு. திரைக்குப் பின்னால் நிற்கும் வரிசை உங்கள் விரலைப் பார்க்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். பிறந்த ஆண்டு, 1234, நான்கு ஒரே இலக்கம் ஆகிய மூன்றும் வேண்டவே வேண்டாம்.

கைப்பட்டை லாக்கர், அதாவது ரேடியோ அலையில் தன் அடையாள எண்ணைச் சொல்லும் ஆர்எஃப்ஐடி சில்லு பதித்த பட்டையைக் காட்டித் திறப்பது, நீர்ப் பூங்காவுக்கு ஏற்றது. பட்டையில் எண் இருக்காது. தொலைந்தால் கவுன்டரில் அந்தப் பட்டையை முடக்கிவிட்டு வேறொன்று தரலாம், பழைய பட்டையால் யாராவது திறக்க முயன்றதும் பதிவில் தெரியும். ஆனால் 125 கிலோஹெர்ட்ஸில் ஓடும் பழைய சில்லுகள் பல, அடையாள எண்ணை அப்படியே ஒப்பிப்பவை. அவற்றை நகலெடுப்பது கடினமில்லை. 13.56 மெகாஹெர்ட்ஸ் வகையில் மறையாக்கம் உள்ளவை கிடைக்கின்றன. எது என்று பார்வையாளருக்குத் தெரிய வழியில்லை, கேட்டால் கவுன்டரில் இருப்பவருக்கும் தெரியாது. அதனால் வேறு ஒன்றைப் பாருங்கள்: பட்டையைத் தரும்போது உங்கள் பெயரையும் கைபேசி எண்ணையும் வாங்குகிறார்களா? வாங்கவில்லை என்றால் அது எண் இல்லாத சாவி, அவ்வளவுதான்.

ரைடு வாசலில் இருக்கும் குறுகிய நேர லாக்கர் தனி ரகம். காத்திருப்பு நேரத்தையும் கொஞ்சம் கூடுதல் நிமிடங்களையும் சேர்த்து இலவசமாக விடுவார்கள், பிறகு கட்டணம் ஏறும். நடுவில் ரைடு பழுதாகி நின்றுவிட்டால் நேரம் தாண்டிவிடும். பெரும்பாலான இடங்களில் ஊழியரிடம் சொன்னால் கழித்துவிடுவார்கள், ஆனால் சொல்ல வேண்டும். இந்த வகையில் நல்ல வடிவமைப்புக்கு எடுத்துக்காட்டு ஃபுளோரிடாவில் 2021-ல் திறந்த வெலாசிகோஸ்டர் என்ற ரோலர் கோஸ்டர். லாக்கருக்கு இரண்டு பக்கமும் கதவு. ரைடு ஏறுவதற்குச் சற்று முன் ஒரு பக்கம் வைத்து, இறங்கியதும் மறுபக்கம் எடுக்கலாம். பொருள் உங்களிடம் இல்லாத நேரம் சில நிமிடங்களுக்குள் சுருங்கிவிடுகிறது. இதைவிட எளிய பாதுகாப்பு எந்தப் பூட்டிலும் கிடையாது.

கடைசியில் ரைடு மேடையிலேயே இருக்கும் திறந்த அலமாரி. பூட்டும் இல்லை, சீட்டும் இல்லை. முந்தைய ரைடில் வந்தவர்கள் இறங்கி எடுக்கும்போதே அடுத்தவர்கள் வைப்பார்கள். ஒரே மாதிரி கறுப்பு முதுகுப்பைகள் மாறிப்போவது இங்கேதான். தொப்பி, செருப்பு, தண்ணீர் பாட்டில் வைக்கலாம். பணப்பை வைக்கக் கூடாது.

லாக்கர் எதுவானாலும் மூன்று காரியம். கதவைச் சாத்தியதும் ஒருமுறை பலமாக இழுத்துப் பாருங்கள்; பையைத் திணித்து மூடினால் கதவு ஒட்டியதுபோல் இருக்கும், உள்ளே தாழ் விழுந்திருக்காது. உள்ளே வைத்த பொருள்கள் தெரியும்படி ஒரு படம், கதவு எண் தெரியும்படி இன்னொரு படம் எடுங்கள், எடுத்த கைபேசியும் அதே லாக்கருக்குள் போகிறது என்பதால் கூட வந்தவரின் கைபேசிக்கும் அனுப்பிவிடுங்கள். கார் சாவியையும் பார்க்கிங் சீட்டையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். சாவியைத் திருடியவர் காரைத் தேடி அலையத் தேவையில்லாதபடி சீட்டே வழிகாட்டிவிடும்.

சேவையின் தரத்தை அறிய நாம் பரிந்துரைக்கும் சோதனை ஒன்று உண்டு. "சாவி தொலைஞ்சிட்டா எப்படித் திறப்பீங்க?" என்று வாடகைக்கு எடுக்கும் முன்பே கேளுங்கள். அடையாள அட்டை பார்ப்போம், உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதி வாங்குவோம், இருவர் முன்னிலையில் திறந்து சரிபார்த்த பிறகே கொடுப்போம் என்றால் நல்ல இடம். "நம்பரைச் சொல்லுங்க, திறந்துடலாம்" என்றால், உங்கள் நம்பரை வேறொருவர் சொன்னாலும் திறந்துவிடுவார்கள்.

உடம்போடு கொண்டுபோகும் பொருள்

நீர்புகாப் பை விற்கும் கடை எல்லாப் பூங்காவிலும் உண்டு. நீரில் மூழ்கினாலும் தாங்கும் என்று சொல்லும் ஐபிஎக்ஸ்8 தரக்குறியை அட்டையில் போட்டிருந்தாலும், கைபேசியை வைக்கும் முன் உள்ளே ஒரு டிஷ்யூ காகிதத்தை வைத்து மூடி, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமுக்கி வைத்துப் பாருங்கள். காகிதம் ஈரமானால் பை குப்பைக்கு. உள்ளே கொஞ்சம் காற்றை விட்டு மூடினால் மிதக்கும், தொலைந்தாலும் கண்ணில் படும். கழுத்தில் மாட்டும் கயிற்றோடு நீர்ச்சறுக்கில் இறங்கப் பல இடங்களில் விடமாட்டார்கள். கயிறு எங்காவது மாட்டினால் கழுத்தை இறுக்கும் என்பதுதான் காரணம், ஊழியரோடு வாதாட வேண்டாம்.

தூசியும் நீரும் புகாது என்று சொல்லும் கைபேசியின் ஐபி68 தரம் பற்றியும் ஒரு வார்த்தை. அது அசையாத நன்னீரில், ஆய்வகத்தில் பார்த்த தரம். குளோரின் கலந்த நீர், சறுக்கின் முடிவில் வேகமாக மோதும் நீர் இரண்டும் அதில் அடங்காது. நீர் புகுந்த சேதத்தைப் பொதுவாக வாரண்டி ஏற்பதில்லை.

ரோலர் கோஸ்டரில் ஜிப் வைத்த பாக்கெட் தேவலை, வெறும் பாக்கெட் ஆகாது. 2019-ல் ஸ்பெயினின் போர்ட்அவென்ச்சுராவில் முன்னிருக்கையில் இருந்தவரிடமிருந்து பறந்து வந்த கைபேசியைப் பின்னால் இருந்தவர் ஓடும் ரைடிலேயே கையால் பிடித்த காணொளி உலகமெங்கும் சுற்றியது. பிடிக்காமல் விட்டிருந்தால் அது யாருடைய முகத்திலாவது பட்டிருக்கும். டிஸ்னி பூங்காக்கள் 2015-ல் செல்ஃபி குச்சியைத் தடை செய்ததும் இந்த வகை ஆபத்துக்காகத்தான். இடைச்செருகலாக ஒன்று: 2022-ல் ஐபோன் 14 வந்ததும் அதன் விபத்து கண்டறியும் வசதி ரோலர் கோஸ்டரைக் கார் விபத்தாக நினைத்துக்கொண்டது. ஓஹாயோவின் கிங்ஸ் ஐலண்ட் பூங்காவிலிருந்து அவசர உதவி எண்ணுக்குத் தானாகவே அழைப்புகள் போயின. கைபேசியோடு ஏறத்தான் போகிறீர்கள் என்றால் விமானப் பயன்முறையில் போட்டுக்கொள்ளலாம். கீழே விழுந்தால் அதன் இருப்பிடத்தைக் கண்டுபிடிப்பது கடினமாகும் என்ற விலையோடு.

மோதிரத்தை வீட்டிலேயே வைத்துவிடுவதுதான் உத்தமம். குளிர்ந்த நீரில் விரல் சுருங்கும், மேலே சன்ஸ்கிரீன் பூசியிருந்தால் வழுக்கும். அலைக் குளத்தில் கையை வீசி ஆடும்போது மோதிரம் கழன்றது தெரியவே தெரியாது. குளோரின், தங்கத்தோடு கலந்திருக்கும் மற்ற உலோகங்களை அரிக்கும் என்பது இன்னொரு காரணம். கேரட் குறைந்த நகைக்குப் பாதிப்பு அதிகம்.

ஏர்டேக் போன்ற கண்டறியும் சாதனங்களால் பயன் உண்டு, அளவோடு. 2021-ல் வந்த ஏர்டேக்கில் ஜிபிஎஸ் கிடையாது. அருகில் போகும் மற்றவர்களின் ஆப்பிள் சாதனங்கள் அதன் புளூடூத் சைகையைப் பிடித்துச் சொன்னால்தான் வரைபடத்தில் புள்ளி தெரியும். கூட்டம் நிறைந்த பூங்காவில் அது நன்றாகவே வேலை செய்யும். உலோக லாக்கருக்குள்ளோ நீருக்கடியிலோ சைகை மங்கிவிடும். பூங்கா மூடிய பிறகு ஆள் நடமாட்டம் இல்லாத தண்டவாளத்தின் கீழே கிடந்தால் புள்ளி பழைய நேரத்திலேயே உறைந்து நிற்கும்.

விழுந்த பொருள் எங்கே போகிறது

புகார் சொல்லும்போது பெரும்பாலோர் "அந்தப் பெரிய ரைடில் விழுந்துடுச்சு" என்கிறார்கள். தேடுபவருக்கு அது போதாது. ஓடும் வண்டியிலிருந்து நழுவும் பொருள் நேராகக் கீழே விழாது, வண்டியின் வேகத்தோடு முன்னால் பாயும். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 20 மீட்டர். 20 மீட்டர் உயரத்திலிருந்து விழ ஏறத்தாழ 2 நொடி. காற்றின் தடையை விட்டுவிட்டால், நழுவிய இடத்திலிருந்து 40 மீட்டர் தள்ளிப் போய் விழும். அதனால் எந்த வளைவில் நழுவியதாக உணர்ந்தீர்கள், எந்த வரிசை, இடமா வலமா, மணி என்ன என்று சொன்னால்தான் எங்கே தேடுவது என்று அவர்களால் ஊகிக்க முடியும். முதல் பெரிய இறக்கமும் தலைகீழ்ச் சுழல்களும் பொருள்கள் அதிகம் நழுவும் இடங்கள்.

"கண்ணுக்குத் தெரியுது, எடுத்துத் தாங்க" என்று வேலிக்கு இந்தப்புறம் நின்று கேட்டால் மறுப்பார்கள். மறுப்பது சரிதான். தண்டவாளத்தின் கீழே ஆள் போக வேண்டுமானால் ரைடை நிறுத்தி, மின் இணைப்பைத் துண்டித்துப் பூட்டுப் போட வேண்டும். அது இரவு மூடிய பிறகோ மறுநாள் காலைச் சோதனையின்போதோதான் நடக்கும். நீங்களே வேலி தாண்டினால் வண்டி மோதி உயிர் போகும். பூங்காக்களில் அப்படி நடந்திருக்கிறது.

நீரில் கணக்கு வேறு. தூய தங்கம் தண்ணீரைவிட 19 மடங்கு அடர்த்தி, நகைத் தங்கம் சற்றுக் குறைவு. எப்படியும் விழுந்த இடத்துக்கு அருகே மூழ்கி, அலை அடிக்க அடிக்கச் சரிவில் ஆழப்பக்கம் நகர்ந்து, அடித்தள வடிகாலின் சல்லடை அருகே தங்கும். மோதிரம் சல்லடை இடுக்கில் மாட்டி நிற்கும். மெல்லிய சங்கிலி அதையும் தாண்டி, பம்புக்கு முன்னால் இருக்கும் வடிகூடையில் முடியோடும் நூலோடும் சுருண்டு கிடக்கும். மிதக்கும் பொருள்கள் குளத்தின் ஓரத்தில் மேல்நீரை இழுக்கும் ஸ்கிம்மர் கூடைக்குப் போகும். ஆகவே கேட்க வேண்டியது: "வடிகூடையையும் ஸ்கிம்மரையும் எப்போது காலி செய்வீர்கள், காலி செய்பவரிடம் என் புகார் எண் போய்ச் சேருமா?" குளத்தைத் துப்புரவு செய்யும் வேலை வெளி ஒப்பந்ததாரரிடம் இருந்தால் இரண்டாவது கேள்வி மிக முக்கியம். பொருள் கிடைத்தும் கவுன்டருக்கு வராமல் போகும் ஓட்டை அங்கேதான்.

தொலைந்த பொருள் கவுன்டரை எப்படி எடைபோடுவது

நல்ல கவுன்டரில் மூன்று அடையாளங்கள் தெரியும். வாய்மொழிப் புகாரை வாங்காமல் படிவம் நிரப்பச் சொல்வார்கள், எண் தருவார்கள். கிடைத்த பொருளை உங்களிடம் காட்டி "இதுவா?" என்று கேட்கமாட்டார்கள், நீங்கள் வர்ணித்த பிறகே எடுப்பார்கள். எத்தனை நாள் வைத்திருப்பார்கள், அதன்பின் என்ன செய்வார்கள் என்பது எழுத்தில் ஒட்டியிருக்கும். மேஜைமேல் எல்லாவற்றையும் பரப்பி வைத்து "உங்களோடது இருக்கா பாருங்க" என்பது பரிவுபோல் தோன்றும். அது யாரும் எதையும் எடுத்துப் போகலாம் என்ற அழைப்பு.

படிவத்தில் "கறுப்பு நிற போன்" என்று எழுதினால் அந்த அறையில் அப்படி முப்பது இருக்கும். உறையின் நிறம், கீறல் எங்கே, பூட்டுத் திரையில் என்ன படம், முடிந்தால் ஐஎம்இஐ எண். ஒவ்வொரு கைபேசிக்கும் தனியாக உள்ள இந்த 15 இலக்க அடையாள எண் வாங்கிய பெட்டியிலும் ரசீதிலும் இருக்கும். கைபேசி கையில் இருக்கும்போதே ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அழுத்திப் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்வது ஒரு நிமிட வேலை. நகை என்றால் எடை, முத்திரை, உள்பக்கம் பொறித்த எழுத்து.

கைபேசி தொலைந்த முதல் கால் மணி நேரம் வேறு வகையில் முக்கியம். கூட வந்தவரின் சாதனத்தில் உங்கள் கணக்கில் நுழைந்து, தொலைந்த கைபேசியைத் தூரத்திலிருந்தே பூட்டும் "தொலைந்த பயன்முறை"யில் போட்டு, திரையில் தொடர்பு எண் தெரியச் செய்யுங்கள். உள்ளே இருக்கும் தரவை உடனே அழித்துவிடத் தோன்றும், பொறுங்கள். ஆண்ட்ராய்டில் அழித்த பிறகு இருப்பிடம் காட்டாது. கிடைக்கவே கிடைக்காது என்று ஆன பிறகு அழிக்கலாம், அப்போதும் கணக்கிலிருந்து சாதனத்தை நீக்கக் கூடாது. நீக்கினால் எடுத்தவர் தன் பெயரில் மாற்றிக்கொள்ளும் வழியை நாமே திறந்துவிடுகிறோம். வங்கிச் செயலிகள் இருந்தால் வங்கிக்கும் சிம் நிறுவனத்துக்கும் அழைப்பது பூங்கா கவுன்டருக்குப் போவதற்கும் முந்தியது. சில நாள் கழித்து "உங்கள் போன் கிடைத்துவிட்டது, இந்த இணைப்பில் கடவுச்சொல் போடுங்கள்" என்று குறுஞ்செய்தி வரும். அது திருடியவர் தரப்பிலிருந்து வருவது.

லாக்கரில் திருட்டு என்றால்

காலியான லாக்கரைப் பார்த்ததும் கதவைத் திரும்பத் திரும்பத் திறந்து மூடுவது இயல்பு. செய்யாதீர்கள், பதிவில் உங்கள் திறப்புகள் குவிந்து குழப்பும், கைரேகையும் கலையும். படம் எடுத்துவிட்டு, ஒருவர் அங்கேயே நிற்க, மற்றவர் பணியில் இருக்கும் மேலாளரை அழைத்து வரட்டும். வேண்டியவை இரண்டு: அந்தக் கதவின் திறப்புப் பதிவு, அந்த நேரத்துக் கேமராக் காட்சி. இரண்டையும் உங்கள் கையில் தரமாட்டார்கள், ஆனால் அழியாமல் வைக்கச் சொல்லலாம். கேமரா அமைப்பு வட்டு நிரம்பியதும் பழையதன்மேல் எழுதிவிடும். சில இடங்களில் ஒரு மாதம் நிற்கும், சில இடங்களில் ஒரு வாரம்கூட நிற்காது. அதனால் அன்றைக்கே மின்னஞ்சல்: தேதி, நேரம் இதிலிருந்து இதுவரை, லாக்கர் வரிசை, கதவு எண், "இந்தக் காட்சியையும் கதவின் மின்னணுப் பதிவையும் அழிக்காமல் பாதுகாக்கவும், காவல்துறை கேட்கும்" என்று. அதைத் தொடர்ந்து காவல் நிலையத்தில் புகார். போலீசார் கேட்டால் காட்சி கிடைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் என்றால் 2018 முதல் நடப்பில் உள்ள ஜிடிபிஆர் என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிப்படி உங்கள் உருவம் பதிவான காட்சியை நீங்களே கேட்கலாம், பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். மற்றவர்களின் முகத்தை மறைத்துத்தான் தருவார்கள் என்பதால் திருடனைப் பிடிக்க அது உதவாது. நீங்கள் கதவைச் சாத்திவிட்டுப் போனதை நிரூபிக்க உதவும்.

"நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற பலகை

எல்லா லாக்கர் சுவரிலும் இது உண்டு. இதைப் பார்த்ததும் பாதிப் பேர் புகாரைக் கைவிடுகிறார்கள். கைவிடத் தேவையில்லை, ஆனால் பலகையை வெறும் அச்சுறுத்தல் என்று ஒதுக்கவும் முடியாது.

முதலில் பார்க்க வேண்டியது, பொருள் யாருடைய காவலில் இருந்தது என்பது. கவுன்டரில் ஆள் வாங்கி, டேக் கட்டி, சீட்டுக் கொடுத்தால் அது காவலில் ஒப்படைத்தல். ஆங்கிலேயச் சட்ட மரபில் வந்த நாடுகளில், அப்படி வாங்கியவர் பொருளைத் திருப்பித் தர முடியாவிட்டால், தகுந்த கவனம் எடுத்ததை அவர்தான் காட்ட வேண்டும். நீங்களே வைத்து நீங்களே பூட்டும் லாக்கரில், பூங்கா உங்களுக்கு விட்டது பெட்டி மட்டும் என்று வாதிட இடமுண்டு. 1937-ல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் கட்டண வாகன நிறுத்தத்தில் திருடுபோன கார் வழக்கில் இப்படித்தான் சொன்னது: நடந்தது ஒப்படைப்பு இல்லை, இடத்தைப் பயன்படுத்தும் அனுமதி மட்டுமே. எனவே லாக்கர் வழக்கில் பூங்கா எதைச் செய்யத் தவறியது என்று நீங்கள்தான் காட்ட வேண்டியிருக்கும்: தாழ் விழாத கதவு, மாற்றாத பூட்டு, விசாரிக்காமல் திறந்துவிட்ட ஊழியர். முன்பே சொன்ன பதிவுகள் எல்லாம் இதற்குத்தான்.

அடுத்து, பலகை எப்போது கண்ணில் பட்டது? 1949-ல் லண்டனின் மார்ல்பரோ கோர்ட் ஓட்டல் வழக்கில், விருந்தினரின் ரோமத்தோல் ஆடைகள் அறையிலிருந்து திருடுபோயின. பொறுப்பில்லை என்ற அறிவிப்பு அறைக்குள் ஒட்டியிருந்தது. ஒப்பந்தம் வரவேற்பு மேஜையிலேயே முடிந்துவிட்டது, பிறகு காட்டும் நிபந்தனை அதில் சேராது என்றது நீதிமன்றம். 1971-ன் ஷூ லேன் பார்க்கிங் வழக்கு இன்னும் நெருக்கமானது: தானியங்கி இயந்திரம் சீட்டைத் தந்த பிறகு, உள்ளே போய்ப் படிக்க வேண்டிய நிபந்தனை செல்லாது. லாக்கர் திரையில் காசு கட்டிய பிறகு மட்டுமே பலகை தெரிகிறதா, அல்லது கட்டும் முன் திரையிலேயே வந்து "ஏற்கிறேன்" அழுத்தினீர்களா என்பது ஆகவே முக்கியம். லாக்கர் இருக்கும் இடத்தைப் படம் எடுக்கும்போது பலகை எங்கே இருக்கிறது என்பதும் தெரியட்டும். நுழைவுச்சீட்டை இணையத்தில் வாங்கியபோதே நிபந்தனைகளை ஏற்றிருந்தால் இந்த வாதம் பலவீனமாகும்.

நுகர்வோர் சட்டங்கள் இதற்கு மேலும் போகின்றன. பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, சேவையைத் தகுந்த கவனத்தோடும் திறனோடும் செய்யும் கடமையைப் பலகை போட்டுக் கழற்றிவிட முடியாது. இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் என்பதையே தனிப் புகாராக ஏற்கிறது. புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம். எந்த நாட்டில் பொருள் தொலைந்ததோ அந்த நாட்டுச் சட்டம்தான் பெரும்பாலும் பேசும் என்பதால், சுற்றுலாவில் தொலைத்தவர் ஊர் திரும்பும் முன்பே காகிதங்களை வாங்கிவிட வேண்டும்.

பணம் கேட்கும் கடிதம்

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். தேதி, நேரம், லாக்கர் எண், வாடகை ரசீது எண், புகார் எண், காவல்துறைப் புகார் எண், என்ன பொருள், வாங்கிய ஆண்டு, வாங்கிய விலை, இப்போதைய மதிப்பு. பூங்காவின் எந்தத் தவறால் இது நடந்தது என்பது ஒரே வாக்கியத்தில். கேட்கும் தொகை, பதிலுக்குக் கெடு. மன உளைச்சலைப் பற்றிய நீண்ட பத்திகள் தொகையைக் கூட்டாது, படிப்பவரைக் களைப்பாக்கும். ரசீது இல்லையென்றால் அணிந்திருக்கும் பழைய புகைப்படம், வங்கிக் கணக்கில் அந்தக் கொள்முதல், மதிப்பீட்டுச் சான்று எல்லாம் உதவும். இரண்டு ஆண்டு பழைய கைபேசிக்குப் புதிய கைபேசியின் விலையைக் கேட்டால் மொத்தக் கடிதத்தையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

பூங்கா முதலில் இலவச நுழைவுச்சீட்டு தந்து சமாதானம் பேசும். வாங்கலாம், ஆனால் "முழுத் தீர்வாக ஏற்கிறேன்" என்ற காகிதத்தில் கையெழுத்துக் கேட்டால் நிதானியுங்கள். போட்டுவிட்டால் மேற்கொண்டு கேட்பது கடினம்.

இதற்கு இணையாகக் காப்பீட்டையும் பாருங்கள். பயணக் காப்பீட்டிலும் வீட்டுப் பொருள் காப்பீட்டிலும் வெளியே தொலைந்த பொருளுக்கு இடமிருக்கலாம். சறுக்கும் இடங்கள் மூன்று: கவனிப்பாரற்று விட்ட பொருளுக்குத் தொகை இல்லை என்ற விதி, ஒரு பொருளுக்கான உச்சவரம்பு, போலீசில் குறிப்பிட்ட மணி நேரத்துக்குள் சொல்லியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை. பல பாலிசிகளில் அது 24 மணி நேரம். திறந்த அலமாரியில் வைத்தது முதல் விதியில் அடிபடும். பூட்டிய லாக்கர் பெரும்பாலும் அடிபடாது, ரசீது இருந்தால்.

பொருள் கிடைத்துவிட்டது, அனுப்பி வைக்கிறோம் என்று வந்தால் தபால் செலவு உங்களுடையது என்பார்கள். எங்கும் அதுதான் வழக்கம். அனுப்பும் முன் பொருளின் படத்தைக் கேட்டு வாங்குங்கள், பார்சலுக்குக் காப்பீடு சேர்க்கச் சொல்லுங்கள். பவர் பேங்க் மட்டும் தனியாகத் தொலைந்திருந்தால் லித்தியம் மின்கல விதிகளால் விமானத் தபாலில் பெரும்பாலும் எடுக்கமாட்டார்கள், நேரில் போய் வாங்குவதா விட்டுவிடுவதா என்று முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான்.